பெயர்ப்பலகை இல்லாத வீட்டின் வார்டன்

பெண்கள் இல்லத்துக்கு வார்டனாக வருகிறவருக்கு முதல் தேவை இரக்க மனசு என்று நினைத்துத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். முதல் தேவை, தண்ணி மோட்டாரை எப்போது போட்டு எப்போது நிறுத்துவது என்கிற அறிவு என்பது, சேர்ந்த அன்றைக்கே மொட்டை மாடியிலிருந்து அருவி கொட்டியபோது தெரிந்தது.

ஹாஸ்டல் நடத்தியவர்கள், மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டவர்கள், இரண்டு மருமகள்களுக்கும் சேர்த்து ஒரே சமையலறை வைத்திருக்கும் மாமியார்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்கு விளக்கமே தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் கிரேஸ். எங்கள் சர்ச்சில் சிலர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் ஆரம்பித்து, பொழிச்சலூரில் மாடியும் கீழுமாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். புருஷன் வீட்டில் அடி தாங்காமல் வந்தவர்கள், பிறந்த வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று வந்தவர்கள், இப்படிப்பட்ட பெண்கள் கொஞ்ச காலம் தங்கி, மூச்சு வாங்கி, ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டு, தனியாக வீடு பார்த்துப் போகிறவரைக்கும் இருக்க ஓர் இடம்.

வந்தவர்கள் எல்லோருடைய கதையையும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. இரண்டு பேர் மட்டும், "பேரை மாத்திட்டு தாராளமா எழுதுங்க" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அவர்களை இங்கே கஸ்தூரி, ரேவதி என்று வைத்துக்கொள்வோம்.

இது என்ன வீடு?

எங்கள் வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேடிக்கொண்டு வரக் கூடாதவர்கள் தேடிக்கொண்டு வந்துவிடுவார்களே என்பதால் அப்படி ஏற்பாடு. ஆனால் பலகை இல்லாத வீட்டைப் பார்த்தால் நம் தெருக்காரர்களால் சும்மா இருக்க முடியுமா? லேடீஸ் ஹாஸ்டல் என்றார்கள். ஜெபக்கூட்டம் நடக்கிற வீடு என்றார்கள். ஒரு அம்மா பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இங்கே பரதநாட்டியம் சொல்லித் தருகிறீர்களாமே என்று கேட்டார். மாடியில் யாரோ துணி துவைத்த சத்தத்தை ஜதி என்று நினைத்திருக்கிறார்கள்.

எதிர் வீட்டில் பாலு சார் என்று ஒரு ரிட்டையர்ட் ஆபீசர். காலையில் பேப்பர் படிக்கிற சாக்கில் எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வதந்தி வளர்வதைவிட உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று ஒருநாள் நானே போய், இன்ன மாதிரி வீடு, இப்படிப்பட்ட பெண்கள், யாராவது வந்து விசாரித்தால் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று மெதுவாக விளக்கினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எதுவா இருந்தாலும் பரவாயில்லை மேடம். தண்ணி லாரி வந்தா எங்க வீட்டு வாசலை மறைக்காம நிறுத்தச் சொல்லுங்க, அது போதும்."

ஐந்து வருஷம் கழித்து

கஸ்தூரி வந்தது ஒரு மத்தியான வேளையில். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. கையில் ஒரு அலுமினியக் கூடை, அதற்குள் இரண்டு புடவை, மீன் வெட்டுகிற கத்தி. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. புருஷன் மாரியின் வேலை. ஒன்பது வயசுப் பெண் தேவியைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்கள் இல்லத்தில் குழந்தைகளை வைத்துக்கொள்ள வசதி இல்லை. "ஒரு வூடு புட்சிட்டேன்னா பொண்ணை இட்டாந்துடுவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

கூர்மையான பொருள்கள் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கத்தியைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கென்று எங்கள் கவுன்சிலர் வந்திருந்தார். எம்.ஏ. சைக்காலஜி முடித்த, மென்மையாகப் பேசுகிற சின்னப் பெண். முறைப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்து, "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை நீங்க எங்கே பார்க்கறீங்க?" என்றார். கஸ்தூரி திறந்திருந்த ஒரு கண்ணால் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், சமையலறைப் பக்கமும் பார்த்தாள்.

"அஞ்சு வருசம் கெடக்கட்டும் மேடம். இப்போ சோறு கீதா?"

ஃபேன் போடட்டுமா?

ரேவதி அதற்கு நேர் எதிர். பி.காம். படித்தவள். சைவச் சாப்பாட்டு வீட்டுப் பெண். கல்யாணம் செய்துகொண்டு போன வீட்டில் யாரும் அவளைக் கை நீட்டி அடிக்கவில்லை. ஆனால் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வாசல் கதவுக்குப் பூட்டு, ஃப்ரிட்ஜுக்குக்கூடப் பூட்டு. பால் காய்ச்சுவதற்கு மாமியாரைக் கேட்க வேண்டும், மொட்டை மாடிக்குப் போகப் புருஷனைக் கேட்க வேண்டும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் காலேஜ் தோழி ஒருத்திதான் அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள்.

இங்கே வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. "அக்கா, ஃபேன் போடட்டுமா?" "அக்கா, குளிச்சுட்டு வரட்டுமா?" "அக்கா, இன்னொரு தோசை எடுத்துக்கட்டுமா?" பள்ளிக்கூடத்தில்கூடப் பிள்ளைகள் பாத்ரூம் போகத்தான் அனுமதி கேட்பார்கள். நான் தினமும் பாடம் எடுத்தேன். "ரேவதி, இது உன் வீடு மாதிரி. எதையும் யாரையும் கேட்காதே. தோணினதைச் செய்." அவள் தலையாட்டிவிட்டு, "சரிக்கா. இப்போ ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்பாள்.

ஒரு சாயங்காலம் ஆளைக் காணவில்லை. மாடியில் இல்லை. குளியலறையில் இல்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்த போனையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வீட்டு ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று பயந்து, பம்மல் வரைக்கும் ஆட்டோவில் ஓடித் தேடினேன். கஸ்தூரி இன்னொரு பக்கம் ஓடினாள். திரும்பி வந்தால், வாசல்படியில் ரேவதி உட்கார்ந்திருக்கிறாள். தலையில் பூ, வாயோரத்தில் பானிபூரி மசாலா. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் இத்தனை நாள் கட்டிக்காத்த மென்மையெல்லாம் பறந்துபோய், "எங்கேடி போனே? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"நீங்கதானே அக்கா, எதையும் யாரையும் கேட்காதேன்னு சொன்னீங்க?"

பிறந்த நாள் சாப்பாடு

இந்த மாதிரி இல்லம் நடத்துகிறவர்களுக்கு நன்கொடையாளர்கள் தெய்வம். தெய்வம் சில சமயம் சோதிக்கும். ஜோடி இல்லாத செருப்பு மூட்டை, மூடி இல்லாத மிக்சி, ஆண்கள் கட்டுகிற டை ஒரு பெட்டி நிறைய, எல்லாம் எங்களுக்கு வந்திருக்கிறது. டையைக் கொடியில் போர்வை பறக்காமல் கட்டப் பயன்படுத்தினோம்.

டிரஸ்ட் உறுப்பினர் ஒருவருக்குத் தெரிந்த தம்பதி, மனைவியின் பிறந்த நாளுக்கு மத்தியானச் சாப்பாடு போட வந்தார்கள். நல்ல மனிதர்கள். வடை, பாயசத்தோடு வந்தார்கள். படம் எடுக்கக் கூடாது என்றதும் உடனே போனை உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த அம்மா வரும்போதே கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததென்னவென்றால், கஸ்தூரி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மீன் வாங்க வந்த ஒருத்தர் நண்டைக் கையில் பிடித்துப் பார்க்கிறேன் என்று ஆடிய ஆட்டத்தை அவள் எழுந்து நின்று நடித்துக் காட்ட, எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரேவதி சிரித்ததில் புரையேறிவிட்டது. அந்த அம்மாவும் நாகரிகத்துக்காகக் கொஞ்சம் சிரித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ரகசியமாகக் கேட்டார்:

"மேடம், கஷ்டப்படற லேடீஸ் எல்லாம் வெளியே போயிருக்காங்களா?"

தையல் வகுப்பு

பெண்கள் இல்லம் என்றால் தையல் மெஷின் இருந்தே ஆக வேண்டும் என்று ஊரில் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் வந்தது. ஆள் எண்ணிக்கையைவிட மெஷின் எண்ணிக்கை அதிகம். சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சரும் வந்தார்.

கஸ்தூரிக்கு முதலிலிருந்தே அதில் மனசில்லை. "எனக்கு மீன்தான் மேடம் தெரியும்" என்றாள். "அதெல்லாம் பழகினா வரும்" என்று நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு ஜாக்கெட் துணியைக் கொடுத்து, கோடு போட்டு, வெட்டச் சொல்லிவிட்டு டீச்சர் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், துணி நடுவில் ஒரே கீறலாகக் கீறி இரண்டு பக்கமும் மலர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கை துண்டுகள் வாலும் செதிலும் மாதிரி ஓரத்தில் கிடந்தன. டீச்சர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், இவங்க துணியை வெட்டலை. ஆஞ்சிருக்காங்க."

வவ்வால்

அதோடு தையலை விட்டுவிட்டோம். மீன் வியாபாரமே செய்யட்டும் என்று முடிவானது. விடிகாலையில் மொத்த மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி, சுத்தம் செய்து, துண்டு போட்டு, பம்மல், பல்லாவரம் அபார்ட்மென்ட்களில் கொண்டுபோய்க் கொடுப்பது. முன்னாடியே வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்துவிட வேண்டும். கஸ்தூரிக்கு எழுத்து சரளமாக வராது. "நான் பார்த்துக்கறேன்" என்று முன்வந்தது யார் தெரியுமா? ஆயுசில் மீனைத் தொட்டே பார்க்காத ரேவதி. சமையலறையில் மீன் குழம்பு கொதித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவள்.

முதல் நாள் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் சத்தம் போட்டுப் படிப்பாள், கஸ்தூரி "கீது" அல்லது "இல்ல" என்பாள். கஸ்தூரி குளிக்கப் போன நேரத்தில் ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. அரை கிலோ வவ்வால். ரேவதிக்கு முகம் வெளுத்துவிட்டது. வவ்வால் என்று ஒரு மீன் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மரத்தில் தலைகீழாகத் தொங்குகிற வவ்வாலைத்தான் தெரியும். ஆனாலும் வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்று யோசித்து, நல்ல தமிழில், நிதானமாக ஒரு பதில் தட்டி அனுப்பிவிட்டாள். கஸ்தூரி வந்து அதைப் படிக்கக் கேட்டுவிட்டு, ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு மாடிவரைக்கும் கேட்டது. பதில் இதுதான்:

"மன்னிக்கவும். எங்களிடம் மீன், இறால், நண்டு மட்டுமே கிடைக்கும். பறவைகள், மிருகங்கள் விற்பதில்லை."

எட்டு

வியாபாரம் சூடுபிடித்தது. பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறினால் கண்டக்டர் ஒரு பக்கம் முறைக்கிறார், பயணிகள் ஒரு பக்கம். டிரஸ்டில் ஒருவர் தன் பழைய ஸ்கூட்டரைக் கொடுத்தார். கஸ்தூரி ஓட்டக் கற்றுக்கொண்டது திருநீர்மலை அடிவாரத்தில். காலேஜ் நாளில் ஸ்கூட்டர் ஓட்டியிருந்த ரேவதிதான் குரு. ஆனால் குரு பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்டு "ரங்கநாதா! ரங்கநாதா!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாளே தவிர, சொல்லிக் கொடுத்தது குறைவு.

லைசென்ஸ் எடுக்கும் நாளில் நானும் கூடப் போனேன். எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கஸ்தூரி காலைக் கீழே ஊன்றாமல் அழகாக வளைத்துக்கொண்டு வந்தாள். நான் மனசுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். கடைசி வளைவில், ஏதோ போன் வந்ததென்று பேசிக்கொண்டே இன்ஸ்பெக்டர் இரண்டடி முன்னால் எடுத்து வைத்துவிட்டார். சரியாக வண்டிக்கு நேரே. கஸ்தூரி பிரேக்கை அழுத்திக்கொண்டே, யார் எவர் என்று பார்க்காமல், மார்க்கெட் தொண்டையில் கத்தினாள்: "யோவ்! வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?"

வரிசையில் நின்ற ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். கஸ்தூரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, இனி இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் கிடையாது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டர் போனை அணைத்துப் பையில் போட்டார். வண்டியைப் பார்த்தார், அது நின்றிருந்த கோட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். கையிலிருந்த தாளில் டிக் போட்டுக்கொண்டே சொன்னார்:

"சொல்லிட்டுத்தான்மா வந்தேன். பாஸ். அடுத்த ஆளு வாங்க."

கேட்டுக்கு வெளியே

எல்லா நாளும் சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் காலையில் கஸ்தூரி முற்றத்தில் ஸ்கூட்டரின் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட் அதிர்ந்தது. மாரி. ஸ்கூட்டரில் அவளை எங்கேயோ பார்த்து, பின்னாலேயே வந்திருக்கிறான். குடித்திருந்தான். "யேய் கஸ்தூரி! மரியாதையா வெளில வாடி!" என்று கேட்டைக் காலால் உதைத்தான்.

கஸ்தூரியின் கையிலிருந்த குவளை கீழே விழுந்தது. இன்ஸ்பெக்டரையே அதட்டியவள், அந்தக் குரலைக் கேட்டதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். என் பயத்தை அவள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்டை நோக்கி நடந்தேன். உள்பூட்டு போட்டிருந்ததால் அவனால் திறக்க முடியவில்லை. மாடிப்படியில் ரேவதி நின்றாள். போன் காதில். யாரையும் எதுவும் கேட்கவில்லை. "ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன்க்கா. வந்துகிட்டே இருக்காங்க" என்றாள். எதிர் வீட்டுப் பாலு சார் பனியனும் லுங்கியுமாக வெளியே வந்து, செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைக் கையில் பிடித்தபடி எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "யாருப்பா நீ? இங்கே எதுக்குச் சத்தம்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள்.

ஆள் சேர்ந்ததும் மாரிக்கு இன்னும் வேகம் வந்தது. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரிதாக மூச்சை இழுத்து, "இப்ப சொல்றேன் கேட்டுக்க" என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து மேலே விமானம் வந்தது. ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. நாங்களெல்லாம் பேச்சைப் பாதியில் நிறுத்தி, போன பிறகு தொடர்ந்து பழகிவிட்டோம். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கை ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு எழுத்து காதில் விழவில்லை. எவ்வளவோ மிரட்டியிருப்பான். அத்தனையும் அந்த இரைச்சலோடு போய்விட்டது.

சத்தம் ஓய்ந்தபோது அவனும் சொல்லி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். தெருவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் முகத்திலும் பயம் இல்லை. எப்படி இருக்கும், கேட்டால்தானே? நான் திரும்பிப் பார்த்தேன். கஸ்தூரி சுவரை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவன் கண்ணை நேராகப் பார்த்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னா சொன்னே? ஒண்ணும் கேக்கல. மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு."

என்ன உறவு?

அவனால் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை. பாலு சார் ஹோஸைத் திருப்புவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. மகளிர் காவல் நிலையத்தில் கூப்பிட்டு வைத்துப் பேசி, இனி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அதற்கப்புறம் அவன் வரவில்லை. கேஸ் தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

இதற்குள் ரேவதிக்குக் குரோம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து வீடு பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். ஐயோ, அந்தக் கதையைக் கேட்காதீர்கள். "ஹஸ்பெண்ட் எங்கே வேலை பார்க்கறார்?" என்பதுதான் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் முதல் கேள்வி. ஒரு வீட்டில் ரேவதியைப் பார்த்துச் சரி என்றார்கள், கஸ்தூரியைப் பார்த்ததும் நேற்றே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது என்றார்கள். இன்னொரு வீட்டில் எல்லாம் பொருந்தி வந்து, மீன் என்ற சொல்லில் கதவு மூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருகிற தேவி, "அம்மா, வூடு கெட்ச்சிச்சா?" என்று கேட்பாள். அவளை அனுப்பிவிட்டு வந்து கஸ்தூரி, கழுவி வைத்த மீன் பெட்டியை எடுத்து மறுபடியும் கழுவுவாள்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்ன மாடி போர்ஷன் இருப்பதாகத் தகவல் வந்தது. இந்த முறை நானும் கூடப் போனேன். முன்னேற்பாடாக, அக்கா தங்கை என்று சொல்லிவிடுவது என்று ரேவதி ஆட்டோவிலேயே கஸ்தூரிக்குப் பாடம் நடத்தினாள். வீட்டுக்கார அம்மா கீழ் வீட்டில் தனியாக இருக்கிறவர். கறாரான முகம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, சுடிதாரில் இருந்த ரேவதியையும், மஞ்சள் பூசிய முகத்தோடு கொசுவம் தூக்கிச் செருகியிருந்த கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"அக்கா தங்கச்சி" என்றாள் ரேவதி, சொல்லி வைத்தபடி.

"பார்த்தா அப்படித் தெரியலையே. ஒரே அம்மாவா?"

இதற்குப் பாடம் நடக்கவில்லை. ரேவதிக்கு உதவி செய்யலாமென்று கஸ்தூரிக்குத் தோன்றிவிட்டது. "இல்லம்மா, அம்மா வேற" என்றாள். "அப்பா ஒருத்தரா?" என்றார் அந்த அம்மா. கஸ்தூரி ஒரு நிமிஷம் யோசித்தாள். பொய் அவளுக்கு அதற்குமேல் ஓடவில்லை. "அப்பாவும் வேறதாம்மா" என்றாள்.

நான் வேறு வீடு தேட மனசைத் தயார் செய்துகொண்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நாங்கள் உண்மையைச் சொன்னோம், முழுவதும். தேவியைப் பற்றியும் சொன்னோம். கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். கஸ்தூரியின் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"வேற அம்மா, வேற அப்பான்னா சொத்துச் சண்டை வராது. என்னைக்குப் பால் காய்ச்சறீங்க?"

இந்த வீட்டுக்கு வார்டன்

பால் காய்ச்சிய அன்று நானும் பாலு சாரும் போயிருந்தோம். பாலு சார் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்திருந்தார். சமையலறையில் நடுவே ஒரு தட்டி வைத்து, இந்தப் பக்கம் ரேவதியின் சைவ அடுப்பு, அந்தப் பக்கம் கஸ்தூரியின் அடுப்பு. பால் எந்த அடுப்பில் காய்ச்சுவது என்று ஒரு சின்ன வழக்கு நடந்து, ரேவதியின் அடுப்பு ஜெயித்தது.

தேவியைக் கஸ்தூரியின் அக்கா கொண்டுவந்து விட்டார். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. பால் பொங்கி வழிகிறதே என்று ரேவதி கத்தியும் கஸ்தூரி அசையவில்லை. குழந்தையின் தலையில் முகத்தைப் பதித்தபடி நின்றாள். நாங்கள் எல்லோரும் அவரவருக்குத் தெரிந்த வேறு ஏதோ வேலையைப் பார்த்தோம். நான் பழக்க தோஷத்தில் ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்த்தேன், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், மோட்டார் சுவிட்ச் எங்கே என்று விசாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இல்லத்துக்கு அம்மாவைப் பார்க்க வந்து பழகிய பிள்ளை தேவி. எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தர் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வூட்டுக்கும் இவங்கதான் வார்டனா?" என்று கேட்டது. நான் ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன். கஸ்தூரியும் ரேவதியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கஸ்தூரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஒன்பது வயசுப் பிள்ளையைத் தூக்குவது அவ்வளவு சுலபமில்லை.

"இந்த வூட்டுக்கு வார்டன் கெடையாது கண்ணு. இவங்க விருந்தாளி. போய் ஒரு சேர் எட்தாந்து போடு."

ஆக, ஒழுங்காகச் செய்து முடித்தால் கடைசியில் நாமே தேவைப்படாமல் போய்விடுகிற உத்தியோகம் இது. இதற்குப் போட்டி போட்டுக்கொண்டு ஆள் வராததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.